சூப்பர்வைசர் எதற்கு வந்தார்

இருபது வருஷம் லிஃப்ட் கூண்டின் தலைமேல் ஏறி நின்று, கீழே பத்து மாடிப் பள்ளம் வாயைப் பிளந்து கிடக்க, ஒரு கையில் ஸ்பானரும் மறு கையில் டார்ச்சுமாக வேலை பார்த்தவர் அவர். ஒரு கீறல் பட்டதில்லை. அப்பேர்ப்பட்ட மனிதரை ஒரு சோப்புக்கட்டி சாய்த்துவிட்டது. அதுவும் சொந்த வீட்டுக் குளியலறையில், இடுப்பில் துண்டோடு. இடுப்பெலும்பு முறிந்து, உள்ளே தகடு வைத்து, வீட்டுக்குக் கொண்டுவந்து படுக்க வைத்தார்கள். பார்க்க வந்த கம்பெனி ஆட்கள் உதட்டைக் கடித்துக்கொண்டு நலம் விசாரித்தார்கள். வாசல் தாண்டியதும் அவர்கள் சிரித்தது அவர் காதில் விழுந்தது. அவர் காதில் விழாத சத்தம் என்று ஒன்று உண்டா என்ன? மோட்டார் லேசாக இருமினாலே எந்தப் பேரிங் என்று சொல்லிவிடுகிற காது அது.

மூன்று மாசம் காலை ஊன்றக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். முதல் வாரம் வீட்டையே தலைகீழாக்கினார். ஃபிரிட்ஜ் முனகுகிறது, மின்விசிறி தேய்கிறது, மாடிவீட்டுக் குழாய் ஒழுகுகிறது என்று படுத்த இடத்திலிருந்தே குற்றப்பத்திரிகை வாசித்தார். மனைவி பல் டாக்டர் ஒருவரிடம் வரவேற்பில் வேலை பார்ப்பவள். அங்கே பல்வலிக்காரர்களைச் சமாளித்துவிட்டு வந்தால் இங்கே இவர். அதையாவது பொறுத்துக்கொண்டாள். அப்புறம் ஒரு நாள் அவர் பேச்சை நிறுத்திவிட்டார். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். வைத்த தட்டு வைத்தபடியே திரும்பி வந்தது.

"என்னங்க, ஒரு வாய் சாப்பிடுங்களேன்."

"பசிக்கல."

"நேத்தும் இதையேதான் சொன்னீங்க."

"நேத்தும் பசிக்கல."

பயந்துபோய்த் தம்பிக்கு போன் போட்டாள். தம்பி ஸ்டுடியோ வைத்திருப்பவன். கல்யாண வீடுகளில் முறைத்துக்கொண்டு நிற்கிற சம்பந்திகளையே தோளில் கைபோட வைத்துப் படம் எடுத்துவிடுவான். அவன் ஒரு பழைய கேமராவும் முழங்கை நீள லென்ஸும் முக்காலியுமாக வந்து இறங்கினான். மாமாவின் நாற்காலியைப் பின்பக்கத்து அறை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு, அவரைத் தூக்கி உட்கார வைத்தான்.

"மாமா, சும்மா விட்டத்தைப் பாத்துக்கிட்டு கிடக்காதீங்க. பின்னாடி எத்தனை அணில் ஓடுது! ஒண்ணே ஒண்ணு எடுத்துக் காட்டுங்க பாப்போம்."

"அணிலுக்கு என்ன கல்யாணமாடா மாப்ள?"

"ஆமா, பொண்ணு வீட்டுக்காரங்க ஆல்பம் கேக்கறாங்க. எடுங்க."

வேண்டா வெறுப்பாகத்தான் தொட்டார். முதல் நாள் கிடைத்தது வெறும் வால். அணில் படத்துக்கு வெளியே போயிருந்தது. மறுநாள் ஒரு ஓணான் வசமாக மாட்டியது. அது அசையவே இல்லை, அதனால் அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. காக்காய் முதுகைக் காட்டியது. இவரும் விடவில்லை. பொத்தானை எந்த நொடியில் அழுத்துவது என்பது லிஃப்டை எந்த நொடியில் நிறுத்துவது என்பதைப் போலத்தான் என்று இரண்டு மூன்று நாளில் பிடிபட்டுவிட்டது. ஆனாலும் சாப்பாடு மட்டும் பழையபடி தட்டிலேயே கிடந்தது.

அப்புறம்தான் மரங்கொத்தி வந்தது.

ஜன்னலுக்கு நேரெதிரே ஒரு மொட்டை மரம். பட்டுப்போய் வருஷக்கணக்காகிறது. ஒரு நாள் காலை டீ குடித்துவிட்டு உட்கார்ந்திருந்தபோது எங்கிருந்தோ கடகடவென்று ஒரு கூச்சல் கேட்டது. அடுத்த நொடி அந்த மரத்தில் வந்து ஒட்டிக்கொண்டது. பொன் நிற முதுகு, சுண்ணாம்பும் கரியும் பூசியது போல் கழுத்து, தலையில் நெருப்பாகச் சிவந்த கொண்டை. நேராக ஜன்னலைப் பார்த்தது. கொண்டையை விரித்து நிமிர்த்தி, கழுத்தை இப்படியும் அப்படியும் ஆட்டி ஆட்டிக் கத்தியது. இவருக்கு மூச்சே நின்றுவிட்டது. கை மட்டும் தன் வேலையைச் செய்தது.

மறுநாளும் அதே நேரம் வந்தது. அதற்கு மறுநாளும். இவர் டீயை வைத்துவிட்டு நாற்காலியில் சாய வேண்டியதுதான், எங்கிருந்தாலும் பறந்து வந்து மொட்டை மரத்தில் ஆஜராகி, இவரைப் பார்த்துக் கொண்டையை விரிக்கும்.

"சூப்பர்வைசர் வந்துட்டார்!" என்று அவர் கத்தியபோது அடுப்படியிலிருந்த மனைவிக்குக் கண் கலங்கியது. எத்தனை நாளாயிற்று அந்தக் குரலைக் கேட்டு. "எங்க கம்பெனி சூப்பர்வைசரும் இப்படித்தான். காலையில டாண்ணு வந்து நின்னு, ஆள் இருக்கானான்னு பாத்து, ஒரு சத்தம் போட்டுட்டுப் போயிடுவாரு."

"உங்களைத்தான் பாக்க வருதுங்கறீங்களா?"

"பின்னே? வேற யாரு இருக்கா இந்த ஜன்னல்ல? கொண்டையைத் தூக்கி வணக்கம் வைக்குது பாரு."

அன்றைக்குத் தட்டு காலியாகத் திரும்பியது. மறுசோறு கேட்டார்.

அதன் பிறகு அவருக்குத் தலைகால் புரியவில்லை. பயிற்சி சொல்லிக் கொடுக்க வரும் பிசியோ பெண்ணிடம் படங்களைக் காட்டாமல் காலைத் தூக்க மாட்டார். கம்பெனிக்காரர்களுக்கு போனில் அனுப்பினார். மச்சான் ஒரு படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு ஸ்டுடியோ கண்ணாடிக்குள் மாட்டினான். கீழே என்ன எழுதலாம் என்று கேட்டபோது இவர் யோசிக்கவே இல்லை, 'வணக்கம்' என்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் பறவை இரண்டு மூன்று தடவை வந்தது. ஓவர்டைம் என்றார். ஒரு நாள் மனைவி விடிந்ததும் விடியாததுமாக வேலைக்குக் கிளம்பிப் போக வேண்டியிருந்தது. அன்றைக்கு அது எட்டிக்கூடப் பார்க்கவில்லை. சூப்பர்வைசருக்கும் லீவு வேண்டாமா என்று தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். இப்போது நினைத்துப் பார்த்தால் எல்லாம் வெட்டவெளிச்சம். ஆனால் தன்னை ஒரு ஜீவன் தேடி வருகிறது என்று நம்பத் தொடங்கிய மனிதன் கணக்குப் பார்ப்பானா?

பறவைக்கு ஜோடி ஒன்று இருப்பதை அவர்தான் கண்டுபிடித்தார். மொட்டை மரத்துக்குப் பின்னால், மதிலோரத்துப் பெரிய மரத்தின் தண்டில் வட்டமாக ஒரு பொந்து. நெற்றியில் சிவப்பு இல்லாத பெண் பறவை உள்ளே போகும், ஆண் வெளியே வரும். ஆண் உள்ளே போகும், பெண் வெளியே பறக்கும். ஷிஃப்ட் மாற்றிக்கொள்கிறார்கள் என்று இவருக்கு உடனே புரிந்துவிட்டது. உள்ளே முட்டை இருக்கிறது. இன்னும் கொஞ்ச நாளில் குஞ்சுத் தலை ஒன்று பொந்து வாயில் எட்டிப் பார்க்கும். அந்த ஒரு படத்தை எடுத்துவிட வேண்டும். கால் சரியாவதெல்லாம் அதற்கப்புறம் தானாக நடக்கும் என்று நினைத்தார். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவருக்கு நாளை என்று ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தது அந்தப் பொந்துதான்.

"காலைல முட்டைக்குக் காவல் இருக்கறது இவனோட ஷிஃப்ட்," என்று மனைவியிடம் பெருமையாகச் சொன்னார். "அதையும் விட்டுட்டு ஓடி வர்றான் என்னைப் பாக்க. என்ன பாசம் பாரு!"

மனைவி டீ டம்ளரை எடுத்துக்கொண்டு போனாள்.

ஒரு நாள் பெண் பறவை பொந்துக்கு வெளியே தொற்றிக்கொண்டு கத்திக்கொண்டே இருந்தது. உள்ளே போகவில்லை. பொந்து வாயில் மஞ்சள் மூக்கோடு ஒரு மைனா உட்கார்ந்திருந்தது, வீட்டுப் பத்திரம் கையில் இருப்பதைப் போல அத்தனை தெனாவட்டாக. மரத்தடியில் வெள்ளையாக முட்டை ஓட்டுத் துண்டுகள் கிடந்ததை லென்ஸ் வழியாகப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் பெண் பறவை பறந்து போயிற்று. ஆணும் போயிற்று. அதற்கப்புறம் இரண்டுமே வரவில்லை.

அன்று காலை வரை எடுத்த படங்களைக் கேமராவின் சின்னத் திரையில் ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தார். இத்தனை நாள் அவர் பார்த்ததெல்லாம் முன்னால் தெளிவாக நின்ற கொண்டையைத்தான். பின்னால் மங்கலாகத் தெரிந்ததை யார் பார்த்தார்கள்? இப்போது பார்த்தார். சூப்பர்வைசர் இவரைப் பார்த்துக் கழுத்தை ஆட்டுகிற படம்; பின்னால் மதிலோரத்து மரத்தில் பழுப்பாக ஒரு புள்ளி. அடுத்த படத்தில் அந்தப் புள்ளி பொந்தருகே. அதற்கடுத்த படத்தில் பொந்துக்கு வெளியே ஒரு வால் மட்டும். முன்னால் சூப்பர்வைசர் இன்னும் கத்திக்கொண்டிருந்தது. மைனா உள்ளே புகுந்து முட்டைகளைத் தள்ளியதை இவரே அழகாகப் படம் எடுத்து வைத்திருக்கிறார்.

"முட்டையைப் போட்டுட்டு என்கிட்ட உனக்கு என்னடா பேச்சு?" என்று வாய்விட்டுத் திட்டினார். என்னால்தான், என்மேல் வைத்த பாசத்தால்தான் அது குடும்பத்தைக் கோட்டைவிட்டது என்று நினைத்தார். அந்த நினைப்பில் துக்கத்தோடு ஒரு சின்ன இனிப்பும் இருந்தது. அது எத்தனை கேவலமான இனிப்பு என்பது அப்போது அவருக்குத் தெரியாது.

மறுபடியும் தட்டு நிறைந்தபடியே திரும்பியது.

இப்படியே சில நாள் போன பிறகு, ஒரு காலையில் அந்தக் குரல் கேட்டது. கடகடவென்று அதே கூச்சல். பாய்ந்து கேமராவைப் பிடித்தார். மொட்டை மரம் வெறுமையாக நின்றது. மறுபடியும் கூச்சல். மரத்தில் யாருமில்லை. மறுபடியும். எப்போதும் முதலில் வலப்பக்கமிருந்து ஒரு குரல் வரும், பிறகுதான் பறவை வந்து தன் குரலை எடுக்கும். அந்த முதல் குரல் பெண்ணுடையது என்று நினைத்திருந்தார். இன்றைக்கு அதை மூடி மறைக்கப் பறவையின் கத்தல் இல்லை. அந்தக் குரல் மட்டும் தனியாக, நிர்வாணமாக வந்துகொண்டிருந்தது.

கேமராவை விட்டுவிட்டுக் கண்ணை மூடினார். லிஃப்ட் பள்ளத்தின் இருட்டில் எப்படிக் கேட்பாரோ அப்படிக் கேட்டார். கூச்சல், இடைவெளி. கூச்சல், அதே இடைவெளி. ஒவ்வொரு கூச்சலின் வாலிலும் தூரத்தில் யாரோ ஒரு மனிதன் தொண்டையைச் செருமினான். ஒரே மனிதன், ஒரே செருமல். உயிருள்ள எதுவும் இப்படி அளந்து அளந்து சத்தம் போடாது. போட்டால் அங்கே ஒரு மெஷின் இருக்கிறது. வேலைக்குச் சேரும் பையன்களுக்கு அவர் சொல்லும் முதல் பாடமே இதுதான்.

ஊன்றுகோலை எடுத்தார். யாரையும் கூப்பிடாமல் எழுந்தது அதுதான் முதல் தடவை. சுவரைப் பிடித்துப் பிடித்து நடையைத் தாண்டி, குளியலறைக் கதவைத் தள்ளினார். ஜன்னல் விளிம்பில், கொல்லைப்புறம் பார்த்தபடி, உள்ளங்கையளவு ஸ்பீக்கர் ஒன்று கத்திக்கொண்டிருந்தது. பக்கத்தில் மனைவி, வேலைக்குக் கிளம்பிய சேலையோடு, கையில் போனோடு நின்றாள். கையும் களவுமாகப் பிடிபட்டவள் அவரைப் பார்த்து முதலில் சொன்னது, "ஐயோ, ஈரமா இருக்கு, வழுக்கப் போகுது!"

"அதை நிறுத்து."

நிறுத்தினாள்.

"எத்தனை நாளா?"

அவள் தரையைப் பார்த்தாள்.

"கேக்கறேன்ல? எத்தனை நாளா நடக்குது இது?"

"முதல் நாள்லேர்ந்து," என்றாள். "தம்பிதான் கொடுத்தான். இதைப் போட்டா அந்தப் பறவை வரும்னான். நீங்க சுவரைப் பாத்துப் படுத்துக் கிடந்தீங்க. நான் என்ன பண்ணுவேன்? வந்துச்சு. நீங்க சிரிச்சீங்க. சோறு கேட்டீங்க. எனக்கு அது போதும்னு ஆயிடுச்சு. அது போனதும் நிறுத்திட்டேன்; நீங்க மறுபடி சாப்பிடாம கிடக்கவும்தான் இன்னிக்குப் போட்டேன்."

"நான் ஒரு பைத்தியக்காரன் மாதிரி வணக்கம் வைக்குதுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு இருந்தேன். நீ கேட்டுக்கிட்டு நின்னியே."

"சொல்லணும்னு ரெண்டு மூணு தடவை நெனைச்சேங்க."

"வேற யாருக்குத் தெரியும்?"

அவள் ஸ்பீக்கரை எடுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

"பிசியோ பொண்ணுக்கு?"

தலையை மட்டும் ஆட்டினாள். அவருக்கு அது காதில் அறைந்த மாதிரி இருந்தது. படத்தைக் காட்டும்போதெல்லாம் அந்தப் பெண் 'சூப்பர் சார், சூப்பர் சார்' என்றாளே! மூன்று பேரும் சேர்ந்து ஒரு கிழட்டுக் குழந்தைக்கு நிலா காட்டியிருக்கிறார்கள். ஊன்றுகோல் ஈரத்தில் லேசாக வழுக்கியது. அவள் தாங்கிப் பிடிக்க வந்தாள். தொடாதே என்றார். இருபத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் அந்த வார்த்தையை அவர் சொன்னதில்லை.

மச்சான் மத்தியானமே ஓடி வந்தான். அக்கா போனில் அழுதிருப்பாள்.

"மாமா, இது உலகத்துல எல்லாரும் பண்றதுதான். பறவை படம் எடுக்கறவன்ல பாதிப் பேர் இப்படித்தான் கூப்பிடறான். கல்யாணத்துல சிரிங்க சிரிங்கன்னு நான் சொல்றதில்லையா?"

"அவங்க சிரிப்பாங்கடா. இது என்ன பண்ணுச்சு? அந்தச் சத்தத்துக்கு என்ன அர்த்தம், சொல்லு."

அவன் தலையைச் சொறிந்தான். "வேற ஒரு ஆண் வந்து... இந்த இடம் என்னோடதுன்னு சொல்ற மாதிரி."

"அப்போ கொண்டையைத் தூக்கினது?"

"...சண்டைக்கு வர்றது, மாமா."

வணக்கம் இல்லை. பாசம் இல்லை. தினம் தினம் காலையில் அந்தப் பறவை, இந்த வீட்டுக்குள் ஒரு எதிரி உட்கார்ந்திருக்கிறான் என்று நம்பி, முட்டையை விட்டுவிட்டு ஓடி வந்து, தொண்டை கிழிய இவரைத் திட்டியிருக்கிறது. இல்லாத எதிரியை அது விரட்டிக்கொண்டிருந்தபோது இருக்கிற எதிரி பின்னால் நுழைந்துவிட்டான். அதை ஏமாற்றியதும் அதே சத்தம்தான், இவரை ஏமாற்றியதும் அதே சத்தம்தான். ஆனால் அதற்கு முட்டை போயிற்று.

"என் காதுல பூ சுத்தினீங்க, சரி. நான் உங்க வீட்டு ஆளு, சுத்தலாம்," என்றார். "அது உங்களுக்கு என்னடா பாவம் பண்ணுச்சு?"

"உங்களுக்காகத்தான் மாமா..."

"எனக்காகன்னு சொல்லாதே. அதைத்தான் என்னால தாங்க முடியல."

அவன் தலையைக் குனிந்துகொண்டு ஸ்பீக்கரை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போனான்.

வீட்டில் பேச்சு நின்றுபோயிற்று. டீ வரும், குடிப்பார். தட்டு வரும், பாதி சாப்பிடுவார், அவளுக்காக அல்ல, மாத்திரை போட வேண்டுமே என்பதற்காக. நாற்காலி மட்டும் அதே ஜன்னலோரம் கிடந்தது. வேறு எங்கே உட்காருவது?

ஒரு காலையில் அவர் அங்கே இருந்தபோது கடகடவென்று கூச்சல் கேட்டது. அவர் அசையவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டார். மறுபடியும் கேட்டது, இந்தத் தடவை வெகு கிட்டத்தில். நிமிர்ந்தார். மொட்டை மரத்தில் சூப்பர்வைசர் தொற்றிக்கொண்டிருந்தது. இறகு கொஞ்சம் கலைந்திருந்தது. கொண்டை முழுக்க விரிந்து நின்றது. கழுத்தை ஆட்டி ஆட்டி ஜன்னலைப் பார்த்துக் கத்தியது.

மனைவி அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள், கையெல்லாம் மாவு.

"பாத்தீங்களா! வந்துடுச்சு! நான் எதுவும் போடலைங்க. சத்தியமா எதுவும் போடல. அதுவா வந்திருக்கு. உங்களைப் பாக்கத்தான்!" இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள், ஸ்பீக்கர் இல்லை என்பதற்கு சாட்சியாக.

அவருக்குத் தெரியும் அவள் போடவில்லை என்று. கூச்சலுக்குக் கூச்சல் இடைவெளி மாறிக்கொண்டிருந்தது, மூச்சு வாங்கியது, நடுவில் குரல் உடைந்தது.

"தெரியும்," என்றார். "ஆனா நீ சத்தியம் பண்ணித்தான் நான் நம்பணும்னு ஆயிடுச்சு பாத்தியா."

அவள் கைகள் மெல்லக் கீழே இறங்கின. அவர் அவளைப் பார்க்கவில்லை. பார்த்தால் இளகிவிடுவார், இளக அவருக்கு இஷ்டமில்லை. வெளியே அது கத்தியது. உனக்கு இங்கே எதிரி யாருமில்லையடா என்று அதற்கு எந்த பாஷையில் சொல்வது? இருக்கிற ஒரே வழியைச் செய்தார். ஜன்னல் கதவைச் சாத்தினார். திரையை இழுத்து மூடினார். ஊன்றுகோலை ஊன்றி எழுந்து, அடிபட்டுத் தோற்ற பறவை எப்படிச் சத்தம் காட்டாமல் ஒதுங்குமோ அப்படி முன்னறைக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்.

கத்தல் கொஞ்ச நேரம் கேட்டது. அப்புறம் மரத்தில் டொக் டொக்கென்று தட்டுகிற சத்தம், விட்டு விட்டு, நிதானமாக. ஜெயித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டது போலிருக்கிறது. அடுத்த அறையில் மனைவி மூடிய திரைக்கு முன்னால் அப்படியே நின்றிருந்தாள். டீ ஆறிப்போயிருந்தது. சூடு பண்ணித் தரட்டுமா என்று அவள் கேட்கவுமில்லை, அவர் கூப்பிடவுமில்லை.